மணி, பொத்தான், சுடுதண்ணிப் போத்தல்: முதியோரைப் பார்த்துக்கொண்ட கருவிகளின் கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் வயதான உம்மா வாப்பா இருக்கிறவர்களும், கடல் கடந்து இருந்துகொண்டு அவர்களை நினைத்துக் கவலைப்படுகிறவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன நோன்புக்கு ஒரு மாதம் முந்தி எங்கள் உம்மா இரவில் குளியலறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்தாயிற்று. உம்மா அதே வீட்டின் பின்னறையில் இருக்கிறார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். தம்பி கட்டாரில். சுபஹுக்கு எழும்பிய ராத்தாதான் உம்மாவைத் தரையில் கண்டார். எவ்வளவு நேரமாகக் கிடந்தீர்கள் என்று கேட்டால், "கொஞ்ச நேரந்தான்" என்றார். உடம்பு குளிர்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரமாகத் தெரியவில்லை. எலும்பு எதுவும் முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

செய்தி கேட்டதும் தம்பி ஒரு கெமரா அனுப்பினான். நான்தான் அதை உம்மாவின் அறைச் சுவரில் பூட்டினேன். அவனுடைய போனிலும் என்னுடைய போனிலும் இரவும் பகலும் படம் தெரியும். உம்மாவிடம் நாங்கள் கேட்கவில்லை. "உங்கட நன்மைக்குத்தானே" என்று மட்டும் சொன்னோம்.

பத்து நாள் கழிந்து ராத்தா ஒரு விஷயம் சொன்னார். உம்மா இரவிலும் முக்காடு போட்டபடியே தூங்குகிறாராம். நான் போய்க் கேட்டேன். "உன்ட தம்பிட ரூமுக்குள்ள இன்னும் மூணு பேர் இரிக்காங்க எண்டு நீதானே சொன்ன" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு விஷயம் விளங்காவிட்டால் அது எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். முதியவர்களையும் நோயாளிகளையும் தூரத்திலிருந்து கவனிக்கும் கருவிகள் எப்போது வந்தன, யார் கொண்டுவந்தார்கள், அவை யாருக்கு உதவின என்று சில வாரங்கள் தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1853: கதவு திறந்து நிற்கும் மணி

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் எங்கள் பாடப்புத்தகங்களில் விளக்கேந்திய சீமாட்டி. கிரிமியப் போருக்கு அவர் போனது 1854இல். அதற்கு முந்திய வருடம், 33 வயதில், லண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களைப் பராமரிக்கும் ஒரு சிறிய இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். பதவியேற்க முன்னரே நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதி மூன்று விஷயங்களைக் கேட்டார். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுதண்ணி வர வேண்டும். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு தூக்கி வேண்டும். மூன்றாவது, மணி.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெரிய வீடுகளில் மணி புதிதல்ல. அறையில் கயிற்றை இழுத்தால், சுவருக்குள் ஓடும் கம்பி, கீழே வேலைக்காரர் பகுதியில் தொங்கும் மணியை ஆட்டும். மணிகள் வரிசையாகத் தொங்கும். ஆடி நின்றுவிட்டால் எந்த அறையில் இருந்து அழைப்பு வந்தது என்று தெரியாது. நைட்டிங்கேல் கேட்ட மணி வேறு. அது அந்தந்த மாடியில் தாதியின் அறைவாசலிலேயே ஒலிக்க வேண்டும். ஒலிக்கும்போது அதனோடு ஒரு சிறிய மூடி திறந்து, திறந்தபடியே நிற்க வேண்டும். மணி ஓய்ந்த பிறகு வந்து பார்த்தாலும் எந்த நோயாளி கூப்பிட்டார் என்று தெரியும்.

இதற்கு அவர் சொன்ன காரணம் முக்கியமானது. இந்த வசதிகள் இல்லாவிட்டால் தாதி என்பவர் படிகளில் ஏறி இறங்கும் ஒரு சோடிக் கால்களாக மட்டும் ஆகிவிடுவார் என்பது அவர் கருத்து. அவருடைய கணக்கில் மணி தாதியின் இடத்தைப் பிடிப்பதற்கு வரவில்லை. ஓட்டத்தில் வீணாகும் நேரம் நோயாளியின் அருகே செலவாக வேண்டும் என்பதற்காக வந்தது.

பின்னர் மின்சாரம் வந்தது. கயிறு இருந்த இடத்தில் பொத்தானும், மூடி இருந்த இடத்தில் கதவுக்கு மேலே எரியும் விளக்கும் வந்தன. இன்றைக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளில் கட்டில் தலைமாட்டில் நாம் அமத்துகிற பொத்தான் அந்த மணியின் பேரப்பிள்ளைதான்.

1974: கழுத்தில் தொங்கிய பொத்தான்

ஆஸ்பத்திரியில் மணியடித்தால் வர ஆள் இருக்கும். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் யாருக்கு மணியடிப்பார்?

அமெரிக்காவில் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த அன்ட்ரூ டிப்னர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவரும் மனைவி சூசனும் 1974இல் 'லைஃப்லைன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே பத்தாண்டில் ஜெர்மனியிலும் இப்படியான முயற்சி நடந்தது.

முறை இதுதான். முதியவர் கழுத்திலோ கையிலோ ஒரு சிறிய பொத்தானை அணிந்திருப்பார். அமத்தினால் வானொலி அலை மூலம், வீட்டுத் தொலைபேசியோடு இணைத்த ஒரு பெட்டிக்குத் தகவல் போகும். பெட்டி தானாகவே ஒரு நிலையத்தை அழைக்கும். பெரும்பாலும் அந்த நிலையம் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தது. அங்கே இருப்பவர் கதைத்துப் பார்ப்பார். பதில் இல்லாவிட்டால், முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலில் உள்ள அயலவரையோ உறவினரையோ அழைத்து, போய்ப் பார்க்கச் சொல்வார்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். இவ்வளவு மின்சாரமும் வானொலியும் தொலைபேசியும் சேர்ந்து கடைசியில் போய் நிற்பது, சாவியோடு ஓடிவரக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம். அந்தப் பட்டியலில் எழுத ஒரு பெயரும் இல்லாதவருக்கு அந்தப் பொத்தானால் பாதிப் பயன்தான்.

1980களின் கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வேறொரு நிறுவனத்தின் பொத்தான் விளம்பரம் ஓடியது. ஒரு வயதான பெண் தரையில் விழுந்து கிடந்து, எழும்ப முடியவில்லை என்று சொல்லிப் பொத்தானை அமத்துவார். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த வசனத்தை நாடே பகிடியாக எடுத்துக்கொண்டது. நகைச்சுவை நிகழ்ச்சிகளில் சொன்னார்கள், டீசேர்ட்டில் அச்சடித்தார்கள். விழுகிற முதியவர் சிரிப்புக்குரியவர் ஆனார். அதைப் பார்த்த எந்த வயோதிபர் அந்தப் பொத்தானைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்க விரும்புவார்?

இதற்கு ஆதாரம் போல இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. 2008இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் 60 பேர் விழுந்தார்கள். அந்த 60 பேரில் 48 பேர் ஒரு தடவையாவது தாமாக எழும்ப முடியாமல் போனவர்கள். 18 பேர் ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தவர்கள். அழைப்புப் பொத்தான் பலரிடம் இருந்தது. ஆனால் நீண்ட நேரம் கிடந்த சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் அது பாவிக்கப்படவே இல்லை.

ஏன் என்றும் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். சிலருக்கு அதனால் பயன் இருப்பதாகவே தோன்றவில்லை. சிலர் வீட்டில் பூட்டியிருந்தும் அணிந்து பழகவில்லை. சிலர் முயன்றும் அமத்த முடியவில்லை. சிலர் விழுந்து கிடந்தபடியே, அமத்துவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி வகையினரைப் பற்றி வாசித்தபோது எனக்கு உம்மாவின் "கொஞ்ச நேரந்தான்" ஞாபகம் வந்தது. அந்த இரவு ராத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். சுவரில் தட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை. "பகல் முழுக்க வேலை செஞ்சி களைச்சிப்போய்ப் படுக்கிற புள்ள" என்று பிறகு சொன்னார்.

2001: தேநீர் போட்டால் மகளுக்குத் தெரியும்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜப்பானில் நடந்தது.

ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் 1970இல் சனத்தொகையில் 7 சதவீதமாக இருந்தார்கள். 1994இல் அது 14 சதவீதம். 24 வருடத்தில் இரட்டிப்பு. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள், வீடுகள் சிறுத்தன. யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்துபோவதற்கு 'கொடோகுஷி' என்று ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லே இருக்கிறது.

1996இல் டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் ஒரு தாயும் நோயாளியான அவரது மகனும் தங்கள் வீட்டில் பட்டினியால் இறந்து கிடந்தார்கள். பல நாட்கள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். உலகத்திலேயே சனம் நெருக்கமாக வாழும் நகரங்களில் ஒன்றில் இது நடந்தது என்பது ஜப்பானியர்களை உலுக்கிவிட்டது. முதியவர்கள் தினமும் பாவிக்கிற ஒரு பொருளைக் கொண்டே அவர்கள் சுகமாக இருக்கிறார்களா என்று அறிய முடியாதா என்று ஒரு வைத்தியர் கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் 'ஐ-பொட்'. பாட்டுக் கேட்கும் ஐபொட் அல்ல. இது மின்சாரச் சுடுதண்ணிப் போத்தல். ஜப்பானியர் வீடுகளில் நாள் முழுக்கச் சுடுதண்ணி வைத்திருந்து, வேண்டியபோது அமத்தித் தேநீர் போடுவார்கள். ஒசாகாவில் 1918இல் தொடங்கப்பட்ட சோஜிருஷி நிறுவனம், அந்தப் போத்தலுக்குள் ஒரு சிறிய தொடர்பு சாதனத்தை வைத்து 2001 மார்ச்சில் சேவையை ஆரம்பித்தது. பெரியவர் போத்தலைப் போட்டாலோ தண்ணி எடுத்தாலோ அந்த நேரம் பதிவாகும். தூரத்தில் இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ ஒரு நாளைக்கு இரண்டு தடவை மின்னஞ்சல் போகும். வெளியே போகும்போது அமத்த ஒரு பொத்தானும் உண்டு, அப்போதுதான் பிள்ளைகள் வீணாகப் பதறமாட்டார்கள்.

இதில் என்ன விசேஷம் என்றால், பெரியவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கழுத்தில் எதையும் தொங்கவிட வேண்டியதில்லை. யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. அவர் முக்காடு போட்டிருக்கிறாரா, கட்டிலில் எப்படிப் படுத்திருக்கிறார், அழுகிறாரா, யாரோடு கதைக்கிறார் என்று போத்தலுக்குத் தெரியாது. காலை 6 மணிக்குத் தண்ணி எடுத்தார் என்று மட்டும் தெரியும்.

குறையும் இருக்கிறது. இரவு விழுந்தவரை அது உடனே காட்டிக்கொடுக்காது. காலையில் தேநீர் போடவில்லை என்பதுதான் செய்தியாகப் போகும். அதைப் பார்த்த பிறகு யாராவது போன் எடுக்க வேண்டும், யாராவது போக வேண்டும். மின்னஞ்சலைத் திறக்காத மகனுக்கு எந்தப் போத்தலும் உதவாது.

கடல்நாய்க் குட்டியும் தூக்கும் ரோபோவும்

ஜப்பான் அங்கே நிற்கவில்லை. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி அங்கே நடைமுறைக்கு வந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் பணம் கட்ட வேண்டும், முதுமையில் பராமரிப்பு ஓர் உரிமையாகக் கிடைக்கும். ஆனால் பராமரிக்க ஆட்கள் போதவில்லை. எனவே ரோபோக்களில் நம்பிக்கை வைத்தார்கள்.

அதில் பிரபலமானது 'பாரோ'. தக்கனோரி ஷிபாத்தா என்ற பொறியியலாளர் 1993இல் தொடங்கிய வேலை. வெள்ளை ரோமத்தோடு, கடல்நாய்க் குட்டி வடிவத்தில், கைக்குழந்தை அளவு இருக்கும். தடவினால் கண் சிமிட்டும், பெயர் சொன்னால் திரும்பும், முனகும். மறதி நோய் உள்ளவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு அமைதியடைவதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதை மருத்துவ சாதனமாக ஏற்றது. இன்னொரு பக்கம், ஷெரி டேர்க்கிள் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2011இல் வெளியிட்ட தன் நூலில் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரு தாய் தன் துக்கத்தை அந்தப் பொம்மையிடம் சொல்கிறார், அதற்கு எதுவுமே விளங்காது. இதை ஆறுதல் என்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாமா?

ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கிப் பார்த்து, 2023இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெரியவர்களைத் தூக்கும் ரோபோவை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு போக நேரம் போனது. சில நாட்களிலேயே ஊழியர்கள் அதைக் கைவிட்டார்கள். ஒரு மூதாட்டி பாரோ பக்கத்தில் இல்லாமல் சாப்பிடவும் படுக்கவும் மறுத்தார். கடைசியில் ரோபோக்களையும் கவனிக்க வேண்டிய வேலை ஊழியர்களின் தலையில் விழுந்தது.

நமக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. 2019இல் ஜப்பானோடு இலங்கை ஒரு தொழிலாளர் உடன்பாடு செய்தது. அதன்படி நம் பிள்ளைகள் ஜப்பானிய மொழியும் பராமரிப்புப் பாடமும் படித்து, பரீட்சை எழுதி அங்கே வேலைக்குப் போகிறார்கள். என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு மாணவன் இப்போது அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறான். அவனிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். படுக்கைக்கு அடியில் சென்சர் இருக்கிறதாம். யாராவது இரவில் எழும்பினால் அவன் கையிலுள்ள போனுக்குச் செய்தி வருமாம். "நல்ல சாமான் சேர். ஆனா ஒரே நேரத்துல மூணு பேர் எழும்பினா நான் ஒருத்தன்தானே" என்றான்.

நைட்டிங்கேல் பயந்த அந்த ஒரு சோடிக் கால்கள், 170 வருடம் கழித்து, எங்கள் ஊரிலிருந்து போய் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் வீடுகள்

2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். அதன் பிறகு அது கூடித்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் எந்த உம்மா தன் பிள்ளைமேல் விண்ணப்பம் எழுதுவார்?

நம்மிடையே பிரச்சினை வேறு வடிவத்தில் இருக்கிறது. நாலு பிள்ளைகளில் மூன்று பேர் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். ஒருத்தி வீட்டில். பெரும்பாலும் அது மகள். மூன்று பேர் காசு அனுப்புவார்கள். ஒருத்தி கழுவுவாள், துடைப்பாள், தூக்குவாள். இப்போது அந்த மூன்று பேரின் போனிலும் கெமரா வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கெமரா பூட்டிய பிறகு தம்பி உம்மாவுக்குப் போன் எடுப்பது குறைந்தது. படத்தில் பார்க்கிறானே, பிறகென்ன? ராத்தாவுக்கு எடுப்பது கூடியது. "உம்மா இன்னும் சாப்பிடல்லையா?" "ஏன் பேன் போடல்ல?" நானும் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் இருந்து போனைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை ராத்தாவுக்கு அப்படிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். உம்மாவைக் கவனிக்க வைத்த கெமரா ராத்தாவைக் கண்காணிக்கிற கெமராவாகிவிட்டது.

ஒரு நாள் ராத்தா சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பாக்குறீங்க. நான்தான் தூக்குறன்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மணிக்கும் கெமராவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மணியில் கூப்பிடுகிற அதிகாரம் படுத்திருப்பவரின் கையில் இருக்கிறது. கெமராவில் பார்க்கிற அதிகாரம் தூரத்தில் இருப்பவரின் கையில் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் கெமரா கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மறதி நோயால் கதவைத் திறந்து வெளியே போய்விடுகிற பெரியவர் உள்ள வீட்டுக்கு, வாசலில் ஒரு கெமரா உயிர் காக்கும். ஆனால் படுக்கையறைக்குள் வைப்பதென்றால், படுக்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

பிறகு கேட்டோம். நானும் ராத்தாவும் மச்சானும் உம்மாவின் கட்டிலில் இருந்து கதைத்தோம், தம்பி போனில் இருந்தான். உம்மா கேட்டது இரண்டே விஷயம். குளியலறைக்குப் போகும் வழியில் இரவில் ஒரு சின்ன லைட் எரிய வேண்டும். பிடித்து நடக்கச் சுவரில் ஏதாவது வேண்டும். கெமராவை அன்றைக்கே கழற்றினேன். மேசன் ஒருவரைப் பிடித்து, கட்டிலில் இருந்து குளியலறை வரை சுவரில் கம்பி போட்டோம். ஹாட்வெயார் கடையில் வயர் இல்லாத கோலிங் பெல் ஒன்று வாங்கினேன். பொத்தான் உம்மாவின் தலைமாட்டில், இன்னொன்று குளியலறைக்குள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். விழுந்து கிடந்தாலும் எட்ட வேண்டுமே. மணி ராத்தாவின் அறையில்.

பொத்தான் இருந்தாலும் உம்மா ராத்தாவை எழுப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் முதியவர்களைப் போலத்தான் அவரும். ஆகவே வெள்ளி, சனி இரவுகளில் மணியை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நான் அங்கே படுக்கிறேன். ராத்தா அந்த இரண்டு இரவும் தூங்குகிறார். தம்பி தினமும் அஸருக்குப் பிறகு உம்மாவோடு நேரே கதைக்கிறான். "தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டு ஐ-பொட் அதுதான்.

இதுவரை உம்மா மூன்று தடவை மணியடித்திருக்கிறார். மூன்றும் என் இரவுகளில். இரண்டு தடவை தண்ணி கேட்டு. ஒரு தடவை, வேலை செய்கிறதா என்று பார்க்க.

பட்டரி மாற்ற வேண்டிய திகதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இரவு யார் எழும்புகிறார்கள், அவர் எந்த இரவில் தூங்குகிறார் என்று கமெண்டில் எழுதுங்கள். உங்களிடம் இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தால் நாங்களும் செய்து பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.